ஓஸ்லோப் திமிங்கலச் சுறாக்கள்: இரை போட்டு வரவழைத்து நீந்துவதில் என்ன பிரச்சினை?

இந்தியர்கள் விசா இல்லாமல் 14 நாள் தங்கலாம் என்று பிலிப்பைன்ஸ் 2025 ஜூனில் அறிவித்ததிலிருந்து செபுத் தீவுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். செபு என்றதும் எல்லோரும் காட்டுவது அந்தத் தீவிலுள்ள ஓஸ்லோப் என்ற ஊரின் படத்தைத்தான். கண்ணாடி மாட்டிய ஒருவர் தண்ணீருக்குள் கையசைப்பார், அவருக்குப் பின்னால் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு ஒரு பெரிய மீன் வாயைத் திறந்தபடி நிற்கும்.

ஆனால் அதே 2025இன் தொடக்கத்தில், செபுவுக்குப் பக்கத்து மாகாணமான போஹோலில், திமிங்கலச் சுறா சுற்றுலாவை உடனே நிறுத்தச் சொல்லி ஆளுநர் உத்தரவு போட்டார். விதியை மீறிச் சுறாக்களுக்கு இரை போடுகிறார்கள் என்பதுதான் காரணம். ஒரு கரையில் தடை, எதிர்க்கரையில் அதே வேலைக்கு வரிசையில் நின்று டிக்கெட். மீனுக்குச் சாப்பாடு போடுவதில் என்ன தப்பு என்று கேட்பவர்களும் உண்டு, இது வதை என்று கொதிப்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் பேசுவதைப் புரிந்துகொள்ள, முதலில் மீனிலிருந்து தொடங்க வேண்டும்.

இது எப்படிப்பட்ட மீன்

திமிங்கலச் சுறா திமிங்கலம் அல்ல, மீன்தான். உலகில் இன்று வாழும் மீன்களிலேயே பெரியது. முழுசாக வளர்ந்தது 12 மீட்டர் வரை சாதாரணமாகப் போகும், 18 மீட்டர் அளவுக்கும் பதிவு இருக்கிறது. பல் இருக்கிறது, ஆனால் கடிப்பதற்கு அல்ல. தண்ணீரை வாய்க்குள் இழுத்து, செவுள் வழியாக வெளியே தள்ளி, நடுவில் சிக்கும் மிதவை உயிரிகள், மீன் முட்டைகள், பொடி இறால், சின்ன மீன்கள் இவற்றை விழுங்கும். மனிதரைத் தாக்காது.

மிக மெதுவாக வளரும் மீன் இது. இனப்பெருக்கம் செய்யும் வயது வருவதற்கே 25 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணிக்கிறார்கள். அது எங்கே இணைசேர்கிறது, எங்கே குட்டி போடுகிறது என்பது இன்றுவரை தெளிவாகத் தெரியாது. 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன. அதன் இனப்பெருக்கம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரே ஒரு செத்த மீனிலிருந்து கிடைத்ததுதான். சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இடங்களில் பெரும்பாலும் இருப்பவை வளர்ந்து முடிக்காத இளம் ஆண் சுறாக்கள். ஓஸ்லோபிலும் அப்படியே. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016இல் இந்த இனத்தை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற வகைக்கு மாற்றியது. 75 ஆண்டுகளில் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

பிரச்சினையின் வேர் இதன் சாப்பாட்டு முறையில் இருக்கிறது. வெப்பமண்டலக் கடலில் மிதவை உணவு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, சில நாட்களுக்கு மட்டும் திரளும். ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளத்திட்டில் மார்ச், ஏப்ரல் பௌர்ணமிக்குப் பிறகு பவளங்கள் முட்டையிடும், அந்தப் பருவத்தில் சுறாக்கள் அங்கே வந்துவிடும். மெக்சிகோவின் இஸ்லா முஹெரஸ் பக்கம் சூரை வகை மீன்கள் முட்டையிடும் கோடையில் நூற்றுக்கணக்கில் கூடும், 2009இல் ஒரே இடத்தில் 420 சுறாக்கள் எண்ணப்பட்டன. நடுவில் உள்ள காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலையும். பனாமா பக்கம் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் சுறா பசிபிக்கைக் கடந்து மரியானா ஆழ்கடல் வரை 20,000 கிலோமீட்டர் போயிருக்கிறது. 1,900 மீட்டருக்குக் கீழேயும் இறங்கக்கூடியது.

இப்படி வாழும் விலங்குக்கு எங்கே, எப்போது சாப்பாடு கிடைத்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் திறமைதான் உயிர். இரை போட்டு வரவழைப்பது அந்தத் திறமையின் மேல்தான் கை வைக்கிறது.

காலை ஆறு மணிக்கு என்ன நடக்கிறது

ஓஸ்லோப் நகராட்சியில் டான்அவான் என்ற கடற்கரைக் கிராமம். விடிந்த கொஞ்ச நேரத்தில் துடுப்புப் போட்டுப் போகும் சின்னப் படகுகள் கரையிலிருந்து கிளம்பும். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், பக்கத்தில் உயாப் என்று அவர்கள் சொல்லும் பொடி இறால். கைப்பிடி கைப்பிடியாக எடுத்துத் தண்ணீரில் போடுவார். கீழேயிருந்து சுறா வரும், வந்து உடம்பைச் செங்குத்தாக நிறுத்திக்கொள்ளும். வால் கீழே, தலை மேலே, வாய் தண்ணீர் மட்டத்தில் அகலத் திறந்திருக்கும். படகு நகர்ந்தால் அதுவும் நகரும், கை நின்றால் அதுவும் காத்து நிற்கும். அதை ஒட்டி, இரண்டு பக்கமும் மூங்கில் தாங்கி வைத்த பயணிகள் படகுகள் வரிசையாக நிற்கும். பயணிகள் அந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள், முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்துவார்கள், படம் எடுப்பார்கள். அரை மணி நேரம் முடிந்ததும் அடுத்த கூட்டம். நண்பகல் வாக்கில் இரை நிற்கும், சுறாக்கள் கலைந்து போய்விடும்.

இது ஆண்டு முழுக்க நடக்கிறது. 2018இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து போயிருக்கிறார்கள். உலகிலேயே அதிகக் கூட்டம் வரும் திமிங்கலச் சுறா சுற்றுலா இடம் இதுதான்.

ஆரம்பத்தில் யாரும் இதைத் தொழிலாகத் திட்டமிடவில்லை. அந்தப் பகுதி மீனவர்கள் உயாப்பைப் பிடிக்கவும் தூண்டிலுக்கு இரையாக வைக்கவும் செய்வார்கள். அதே உயாப்பைத் தேடித் திமிங்கலச் சுறாவும் வரும், மீன்பிடிப்புக்கு இடைஞ்சலாக இருக்கும். கொஞ்சம் உயாப்பைத் தூவி அதை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டுவிடுவது மீனவர்கள் கையாண்ட வழி. 2011 வாக்கில் அதைப் பார்த்த வெளியாட்கள் தாங்களும் இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்க, செய்தி பரவ, சில மாதங்களுக்குள் அது ஊரின் முழுநேரத் தொழிலாகிவிட்டது. நகராட்சி விதி எழுதியது. மீனவர்கள் சங்கம் வைத்தார்கள். டிக்கெட் வருமானத்தில் 60 சதவீதம் மீனவர் சங்கத்துக்கு, 30 நகராட்சிக்கு, 10 கிராமத்துக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது.

இரை போடுவதால் சுறாவுக்கு என்ன ஆகிறது

இங்கே 2012 முதல் லமாவே என்ற பிலிப்பைன்ஸ் ஆய்வு நிறுவனம் வேலை செய்திருக்கிறது. ஒவ்வொரு சுறாவின் புள்ளி அமைப்பும் வேறு, நம் கைரேகை மாதிரி. செவுளுக்குப் பின்னால் உள்ள பகுதியைப் படமெடுத்து, விண்மீன்களின் அமைப்பை ஒப்பிட வானியலாளர்கள் உருவாக்கிய கணினி முறையை மாற்றியமைத்து, எந்தச் சுறா எப்போது வந்தது என்று கண்டுபிடிக்கலாம். அப்படித் தனித்தனியாக அடையாளம் கண்டு பின்தொடர்ந்ததால் கிடைத்த முடிவுகள்தான் கீழே வருபவை. ஊகம் இல்லை.

1. நேரத்தைக் கற்றுக்கொள்கின்றன. புதிதாக வரும் சுறா முதலில் தாமதமாகத்தான் வரும். வர வர நேரம் முன்னால் நகரும். பழைய சுறாக்கள், இரைப் படகு வந்து சராசரியாக 5 நிமிடத்துக்குள் அங்கே இருந்தன என்று 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பழக்கப்படுத்துதல் என்பது இதுதான். ஒரு அடையாளத்தையும் பரிசையும் மூளை இணைத்துக்கொள்கிறது, பிறகு அடையாளத்தைப் பார்த்ததும் வந்துவிடுகிறது. இங்கே அடையாளம் படகு.

2. விலகும் குணம் மழுங்குகிறது. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே கனமானது இது. திமிங்கலச் சுறாவைத் தொட்டாலோ படகு உரசினாலோ இயல்பாக அது உடம்பைத் திருப்பும், வேகமெடுக்கும், கீழே முங்கும். ஓஸ்லோபுக்கு நீண்ட காலமாக வரும் சுறாக்கள் தொடுதலுக்கும் படகு மோதலுக்கும் அப்படி விலகுவது குறைந்துபோயிருக்கிறது என்று அதே ஆய்வு காட்டியது. டான்அவானில் இருப்பவை துடுப்புப் படகுகள், அதனால் அங்கேயே பெரிய வெட்டு விழாது. ஆனால் அந்தச் சுறா அங்கேயே இருந்துவிடுவதில்லை. போஹோல் கடலுக்குள் போகும், மோட்டார் படகுகளும் கப்பல்களும் ஓடும் தடத்தில் நீந்தும். உலகெங்கும் இந்த இனத்துக்குக் கப்பல் மோதல் எவ்வளவு பெரிய ஆபத்து என்பது கடந்த சில ஆண்டுகளில்தான் தெரியவந்திருக்கிறது. மோதி இறக்கும் சுறா மிதக்காது, கீழே மூழ்கிவிடும் என்பதால் யாரும் எண்ணுவதும் இல்லை. படகைக் கண்டால் சாப்பாடு என்று கற்றுக்கொண்ட சுறாவை அந்தத் தடத்துக்குள் அனுப்புகிறோம்.

3. தழும்புகள். 2020இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஓஸ்லோபில் பார்த்த சுறாக்களில் 95 சதவீதத்துக்கு உடம்பில் தழும்பு இருந்தது. பெரும்பாலானவை சிராய்ப்புகள், கயிறும் படகும் உரசியவை. அடிக்கடி வருபவற்றுக்கு அதிகம்.

4. விதிகள் காகிதத்தில். சுறாவிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. அது மீறப்பட்ட அளவு 2012இல் 79 சதவீதம், 2014இல் 97 சதவீதம். பயணிகளின் கெட்ட எண்ணத்தால் வந்ததல்ல இது. இரை விழும் இடத்துக்குச் சுறா வரும், அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பயணியை இறக்குகிறார்கள், இரண்டு பேருக்கும் நடுவில் 2 மீட்டர் எங்கிருந்து வரும்? ஏற்பாடே அந்த விதியைச் சாத்தியமில்லாமல் ஆக்கிவிட்டது.

5. பவளத்திட்டு. அந்த இடத்தையும் இரை போடாத பக்கத்துத் திட்டையும் ஒப்பிட்டு 2019இல் வந்த ஆய்வில், சுற்றுலா நடக்கும் இடத்தில் பவளங்கள் குறைவாகவும் பாசி அதிகமாகவும் இருந்தன. தினமும் கொட்டும் இரையும் கூட்டத்தின் கழிவும் ஆழமில்லாத அந்தத் தண்ணீரில்தான் சேர்கின்றன.

சாப்பாட்டின் தரம் பற்றியும் கேள்வி உண்டு. இயல்பாகக் கடலில் பல வகை உணவைத் தின்னும் விலங்கு, ஒரே வகை இறாலை மணிக்கணக்காக, நகராமல், சூடான மேல்மட்டத் தண்ணீரில் நின்றபடி தின்கிறது. இது நீண்டகாலத்தில் என்ன செய்யும் என்பதற்கு உறுதியான விடை வர, நூறு ஆண்டுக்குப் பக்கத்தில் வாழக்கூடிய ஒரு மீனைப் பல பத்தாண்டு பின்தொடர வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாச் சுறாவும் அங்கே அடிமையாகக் கிடக்கவில்லை. பெரும்பாலானவை சில நாள், சில வாரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. ஒரு சின்னக் கூட்டம்தான் மாதக்கணக்கில், சில ஆண்டு முழுக்க, திரும்பத் திரும்ப வருகிறது. 'சுறாக்கள் இடம்பெயர்வதையே நிறுத்திவிட்டன' என்று பரப்பப்படும் செய்தி மிகைப்படுத்தல். ஆனால் பாதிப்பு அந்தச் சின்னக் கூட்டத்தோடு நிற்காது. படகுதான் சாப்பாடு என்ற பாடத்தைச் சில வாரம் இருந்துவிட்டுப் போவதும் எடுத்துக்கொண்டுதான் போகிறது.

ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள்

எதிர்த்துப் பேசுபவர்கள் பலர் இந்தப் பக்கத்தைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. கேட்காமல் முடிவுக்கு வர முடியாது.

முதலாவது, ஏழ்மை. இது பொய்யில்லை. சுற்றுலாவுக்கு முன்னால் அங்கே மீனவர் ஒருவர் 12 மணி நேரம் வரை கடலில் கிடந்து சம்பாதித்தது நாளுக்குச் சுமார் 1.40 டாலர். சுற்றுலா வந்த பிறகு சங்கத்தில் இருக்கும் 177 பேருக்குக் கிடைப்பது சராசரியாக நாளுக்கு 62 டாலர் என்று ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. ஐந்து ஆண்டில் டிக்கெட் வருமானம் மட்டும் 1.84 கோடி டாலர். பிள்ளைகள் படித்தார்கள், வீடுகள் கட்டப்பட்டன, மீன்பிடிப்பு குறைந்தது, நகராட்சி கடல் பாதுகாப்புப் பகுதிகளைக் காவல் காக்கப் பணம் கிடைத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் ஏழை மீனவரின் வாழ்வாதாரத்தைப் பிடுங்கிய கதைகள் உலகில் ஏராளம். அவற்றோடு ஒப்பிட்டால், லாபம் வெளியூர் முதலாளிக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே தங்கிய அரிதான இடம் ஓஸ்லோப். அந்த மீனவர்களை வில்லன்களாக்கி எழுதுவது அநியாயம்.

இரண்டாவது, 'இல்லாவிட்டால் கொன்றுவிடுவார்களே' என்பது. இது செல்லாது. பிலிப்பைன்ஸில் ஒரு காலத்தில் போஹோல் கடலில், பமிலகான் தீவுக்காரர்கள் உள்பட, இந்தச் சுறாவைக் கொக்கி போட்டு வேட்டையாடினார்கள் என்பது உண்மை. ஆனால் 1998இலேயே நாடு முழுவதும் அதற்குத் தடை வந்துவிட்டது. ஓஸ்லோபில் இரை போட ஆரம்பித்தது அதற்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து. ஆகவே இரை போடுவதா கொல்வதா என்பது அங்கே யார் முன்னாலும் இருந்த கேள்வி இல்லை. இரை போட்டுக் காட்டுவதா, போடாமல் காட்டுவதா என்பதுதான் கேள்வி. சுற்றுலா இல்லாமலும் காப்பாற்ற வழி உண்டு. நம் குஜராத் கரையில், வேராவல் பக்கம், 1990களில் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்ட மீன் இது. 2001இல் இந்தியா அதற்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு கொடுத்தது. பிறகு வலையில் சிக்கிய சுறாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு வலைக்கான இழப்பீடு தரும் திட்டம் வந்தது. வேட்டையாடிய அதே மீனவர்கள் நூற்றுக்கணக்கான சுறாக்களை விடுவித்திருக்கிறார்கள், ஒரு பயணியும் தண்ணீரில் இறங்காமலே.

மூன்றாவது, 'நேரில் பார்த்தால்தானே அக்கறை வரும்'. வரலாம். ஆனால் ஓஸ்லோபுக்கு வந்தவர்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு எதையோ காட்டியது. இரை போடுவது சரியில்லை என்று உணர்ந்தவர்களே கூட, ஊருக்கு வருமானம், எனக்கு நல்ல அனுபவம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினார்கள். அக்கறை கொஞ்சம் வந்தது, படம் எடுத்ததும் அடங்கிவிட்டது.

நான்காவது, 'சுறாவை யாரும் கட்டிப்போடவில்லை, பிடிக்காவிட்டால் போகட்டுமே'. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

போக முடிவது எதற்கு முக்கியம்

காட்டு விலங்கு நம்மிடம் சம்மதம் சொல்லாது, மறுப்பும் சொல்லாது. திமிங்கலச் சுறாவுக்கு மறுக்க இருப்பது ஒரே வழி: கீழே முங்கிப் போய்விடுவது. இரை இல்லாத இடத்தில் மனிதர் நெருங்கினால் அதற்குப் பிடிக்கவில்லையென்றால் வாலை ஒரு வீசு வீசும், பத்து விநாடியில் காணாமல் போய்விடும், ஆட்டம் முடிந்தது. அந்தச் சந்திப்பு எவ்வளவு நேரம் என்பதைச் சுறா முடிவு செய்கிறது. இரை விழுந்துகொண்டிருக்கும்போது அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. தொடுகிறார்கள், உரசுகிறது, சத்தமாக இருக்கிறது, ஆனாலும் சாப்பாடு இங்கே இருக்கிறது. உணவு அரிதாகக் கிடைக்கும் கடலில் வாழ்ந்து பழகிய உடம்பு அதை விட்டுப் போகாது. கட்டிப்போடாமலே நிறுத்தி வைக்க முடிகிறது என்பதால் அதைச் சுதந்திரம் என்று சொல்லிவிட முடியாது. மேலே இரண்டாவது எண்ணில் சொன்ன, விலகும் குணம் மழுங்குவது, இங்கேதான் அறம் சார்ந்த கேள்வியாகிறது. சுறாவிடம் இருந்த ஒரே மறுப்பையும் கைப்பிடி இறால் கொடுத்து வாங்கிவிடுகிறோம்.

மனிதர் நீந்துவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கூட நீந்துவதும் இரை போட்டு நீந்துவதும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் முன்னே நகர்வதில்லை.

டோன்சோல்: இரை போடாத வழி, அதன் விலை

பிலிப்பைன்ஸிலேயே டோன்சோல் என்ற ஊர் இருக்கிறது, லூசான் தீவின் தென்கோடியில், சோர்சோகோன் மாகாணம். 1998இல் அங்கே திமிங்கலச் சுறா சுற்றுலா தொடங்கியது, உலக வனவிலங்கு நிதியத்தின் துணையோடு. இரை கிடையாது. ஒரு சுறாவுக்கு ஒரு படகு, தண்ணீரில் ஆறு பேருக்கு மேல் கூடாது, உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், காற்று உருளை கட்டி முங்கக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் ஒவ்வொரு படகிலும் வருவார். சுறா முங்கினால் விட்டுவிட வேண்டும். பல ஆண்டு உலகமே எடுத்துக்காட்டாகச் சொன்ன ஊர் அது.

பிறகு, 2010களில், அங்கே வரும் சுறாக்கள் வெகுவாகக் குறைந்தன. அதே நேரத்தில் ஓஸ்லோபில் கூட்டம் ஏறியது. டோன்சோலில் பருவம் பார்த்துப் போக வேண்டும், மணிக்கணக்கில் படகில் அலைய வேண்டும், கடைசியில் ஒன்றும் தென்படாமலும் திரும்பலாம். ஓஸ்லோபில் காலை ஆறு மணிக்குப் போனால் எட்டு மணிக்குப் படத்தோடு அடுத்த அருவிக்குக் கிளம்பிவிடலாம். இரண்டு ஊரிலும் விற்பது வேறு வேறு. டோன்சோல் விற்றது ஒரு வாய்ப்பை, ஓஸ்லோப் விற்பது உத்தரவாதத்தை. காட்டு விலங்குக்கு உத்தரவாதம் கொடுக்க இரண்டே வழிதான்: அடைத்து வைப்பது, அல்லது பழக்கி வைப்பது. ஓஸ்லோபின் எல்லாத் தொல்லையும், 97 சதவீத விதிமீறல் உள்பட, அந்த உத்தரவாதத்திலிருந்துதான் கிளைக்கிறது.

இந்த முறை பரவவும் செய்கிறது. இந்தோனேசியாவின் கொரோந்தாலோ பக்கம் போத்துபாரானி கிராமத்தில் இறால் தலைகளைப் போட்டு வரவழைக்கிறார்கள். போஹோலில் 2025இல் தடை வந்ததும் ஓஸ்லோபைப் பார்த்து அதே முறையில் இறங்கியதால்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

2017 அக்டோபரில் இடம்பெயரும் விலங்குகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் மாநாடு நடந்தபோது, திமிங்கலச் சுறாவை மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த மாநாடு நடந்ததே மணிலாவில். 2020இல் பிலிப்பைன்ஸ் அரசுத் துறைகள் கூட்டாக ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தன. கடல் விலங்குகளைப் பார்க்கும் சுற்றுலாவில் இரை போடக் கூடாது என்பது அதில் உள்ள விதிகளில் ஒன்று. போஹோல் ஆளுநர் உத்தரவு போட்டது இதை வைத்துத்தான். ஆனால் ஓஸ்லோபில் நடப்பது நகராட்சி விதிப்படி, நகராட்சியின் பெரிய வருமானம் அது, அங்கே வரும் கூட்டம் விடுதி முதல் வேன் ஓட்டுநர் வரை செபு முழுக்கப் பிழைப்புக் கொடுக்கிறது. மேலே விதி, கீழே வருமானம், நடுவில் யாரும் கை வைக்கத் தயங்குகிறார்கள்.

நாளைக்கே நிறுத்திவிடலாமா?

என் கருத்து, இரை போடுவது நிற்க வேண்டும். ஆனால் ஒரே நாளில் நிறுத்தினால் 177 குடும்பத்தை மட்டுமில்லாமல், படகைத் தேடி வரப் பழகிய சுறாக்களையும் அந்தரத்தில் விட்டது போலாகும். அவை பக்கத்து ஊர்ப் படகுகளைத் தேடிப் போகும், அங்கே எல்லாம் துடுப்புப் படகு கிடையாது. ஆகவே படிப்படியாகத்தான் முடியும். முதலில் நாளுக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு. கூட்டத்தைக் குறைத்துக் கட்டணத்தை ஏற்றினால் ஊரின் வருமானம் அவ்வளவாக அடிபடாது. அப்புறம் இரை போடும் நேரத்தைக் குறைப்பது, வாரத்தில் சில நாள் போடாமல் விடுவது, தொடாமல் இருக்கும் தூரத்தில் பயணிப் படகை நிறுத்துவது, கடைசியில் இரையே இல்லாமல் இயல்பாக வருவதை மட்டும் காட்டுவது. 2015 ஆய்வைச் செய்தவர்களும் இரையால் பழக்கப்படுத்துவதைக் குறைத்து விதிகளை இறுக்கச் சொல்லித்தான் முடித்திருந்தார்கள்.

போகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை

ஓஸ்லோபுக்குச் சுறா பார்க்கப் போக வேண்டாம் என்பதுதான் என் நேரடியான பதில். அங்கே போகும் ஒவ்வொரு டிக்கெட்டும் அந்த உத்தரவாதத்துக்கான கிராக்கி. திமிங்கலச் சுறாவைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால் டோன்சோல், மாலத்தீவின் தெற்கு ஆரி, மெக்சிகோ, நிங்கலூ என்று இரை இல்லாத இடங்கள் உண்டு. எல்லாமே சுத்தம் என்று அர்த்தமில்லை. தெற்கு ஆரியில் மோட்டார் படகுகள் நெருக்கியடித்துச் சுறாக்களுக்கு நிறையக் காயம் படுகிறது. எங்கே போனாலும் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை:

1. இரை போடுகிறார்களா? அவர்கள் படகு போடாவிட்டாலும் பக்கத்துப் படகு போடுகிறதா?

2. ஒரு சுறாவுக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேர் இறங்குவார்கள்? மெக்சிகோவில் ஒரு படகுக்கு இரண்டு பயணிகள், ஒரு வழிகாட்டி. நிங்கலூவில் பத்து பேர் வரை. எண்ணே சொல்லாத இடத்தில் விதியே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

3. சுறா முங்கினால் என்ன செய்வார்கள்? விட்டுவிடுவோம் என்கிறார்களா, சுற்றி வளைத்து மறுபடி முன்னால் போய் இறக்குவோம் என்கிறார்களா?

4. அன்று சுறா வரவே இல்லை என்றால்? நிங்கலூவில் பல நிறுவனங்கள் இன்னொரு நாள் கட்டணமில்லாமல் கூட்டிப்போகின்றன. அது நல்ல பதில். 'வராமல் இருக்காது, ஆண்டு முழுக்க தினமும் வரும்' என்று சொன்னால், அது ஏன் தினமும் வருகிறது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.